பிளாட்ஃபார்ம் கேமுக்கு ஒரு பாசி எதிரி செய்றது எப்படி: தண்ணியில ஆரம்பிச்சு போன்ல ஓடுற வரைக்கும்

தண்ணிக்கு அடியில ஒரு லெவல் வைக்கணும்னு முடிவு பண்ணதும் எல்லாரும் முதல்ல வரையறது மீனைத்தான். மீன் இடமிருந்து வலம் போகும், வலமிருந்து இடம் வரும், நீங்க ஒதுங்குவீங்க, அவ்வளவுதான் கதை. தரையில நடக்குற எதிரிக்கு செதில் ஒட்டி விட்டாப்ல இருக்கும், தண்ணியோட குணம் அதுல எங்கயும் வராது. பாசி அப்படி இல்லைங்க. அது இடத்தை விட்டு நகரவே நகராது, இருந்தாலும் அந்த வழியா போறவன் கை நடுங்கும், ஏன்னா தண்ணியில ஆடுறவனால நினைச்ச இடத்துல டக்குனு நிக்க முடியாது. 1989-ல நிண்டெண்டோவோட என்ஈஎஸ்ங்கிற டிவி கேம் மெஷினுக்கு வந்த நிஞ்சா ஆமை கேம்ல அணைக்கட்டு லெவல் ஒண்ணு இருக்கு, 8 வெடிகுண்டு, 2 நிமிஷம் 20 செகண்ட் டைம், வழி முழுக்க கரண்ட் அடிக்கிற கடல்பாசி. அந்த பாசி யாரையும் துரத்துறதில்லை, சும்மா சுவத்துல நிக்கும். ஆனாலும் அந்த கேமை ஆடினவங்க கிட்ட கேட்டா வில்லனை விட்டுட்டு முதல்ல அந்த இடுக்கைத்தான் சொல்வாங்க.

என் கருத்து இதுதான், இந்த வழிகாட்டி முழுக்க இதை வச்சுத்தான் போகும்: பாசி பாதி எதிரி, மீதி பாதி தண்ணி. அதனால முதல்ல தண்ணியை செய்யணும், பாசி அப்புறம். இந்த வரிசையை மாத்தினா பின்னாடி ஒவ்வொரு நம்பரையும் திரும்ப மாத்த வேண்டி வரும்.

கோடோ 4 (கேம் செய்ற மென்பொருள்) வச்சு சொல்றேன். இலவசம், எம்ஐடி லைசென்ஸ் (யாரும் எடுத்து பயன்படுத்தலாம், பகிரலாம்), இன்ஸ்டால் பண்ணவே தேவையில்லை, இறக்கி அப்படியே ஓட்டலாம். கொடைக்கானல்ல டவுனை தாண்டி பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருக்கவங்களுக்கு நெட் எப்படின்னு தெரியும்ல, அங்க இது பெரிய விஷயம், ஒருத்தர் இறக்கினா பென்டிரைவ்ல பத்து பேருக்கு போயிடும். பழைய லேப்டாப்னா புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரர் (படத்தை திரையில வரையுற பகுதி) கேக்கும் இடத்துல கம்பேட்டிபிலிட்டி தேர்ந்தெடுங்க, ஓபன்ஜிஎல் 3.3 இருந்தா ஓடிரும். இன்னொரு நல்ல விஷயம், கோடோ 4-ல மாறிகளுக்கு தமிழ்லயே பேர் வைக்கலாம், வேகம், நுனி, வேர்னு எழுதினா அது ஏத்துக்கும். இங்க்லீஷ்ல தடுமாறுற பசங்களுக்கு சொல்லிக் குடுக்கும்போது இது ரொம்ப உதவும்.

படி 1: போய் பாருங்க

வீட்ல உக்காந்து கற்பனையில வரையாதீங்க. நம்ம கொடைக்கானல் ஏரி 1863-ல கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறிச்சு உண்டாக்கினது, ஒரு வகையில இதுவும் அணைக்கட்டு லெவல்தான். கரையோரமா ஆழம் கம்மியா இருக்க இடத்துல தண்ணிக்குள்ள களை வளந்து நிக்கும், துடுப்பு போட்டுட்டு போறவங்க நிறைய பேர் அதுல மாட்டி இழுத்திருப்பாங்க. காலையில மஞ்சு விலகி காத்து ஏறுறதுக்கு முன்னாடி போனா தண்ணி தெளிவா தெரியும், போனை ஸ்லோ மோஷன்ல போட்டு பிடிச்சுட்டு வந்துருங்க.

வீடியோல மூணு விஷயம் கவனிங்க. வேர் பக்கம் அசையாது, நுனி மட்டும்தான் நல்லா அசையும். அசைவு கீழருந்து மேல ஏறுது, அடிப்பகுதி வலது பக்கம் திரும்பி முடிச்சப்புறம்தான் நுனி வலது பக்கம் வருது. மூணாவதுதான் தங்கம்: படகு கிட்ட வரும்போது களை விலகி ஒதுங்குது, படகு தாண்டினதும் பின்னாடியே அதை நோக்கி சாயுது. வேகமா போற பொருள் தன் பின்னாடி தண்ணியை இழுக்குது, அந்த தண்ணி களையை இழுக்குது. மெதுவா போற படகுக்கு இது கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. நம்ம எதிரியோட மூளையே இதுதான், வேகமா நீந்துறவனை பிடிக்கும், மெதுவா போறவனை விட்டுரும்.

ஏரிக் களை வேற, கடல்பாசி வேறன்னு சொல்வீங்க, சரிதான். கடல்பாசிக்கு நிஜ வேர் கிடையாது, பாறையைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பிடிப்பு மட்டும்தான். ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுக்குற அம்மாக்கள் ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சிருக்காங்க, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரைன்னு. இதுல கட்டக்கோரையில குட்டி குட்டி காத்துப் பை இருக்கும், அதுதான் செடியை தண்ணிக்குள்ள நிமித்தி பிடிக்கும். அந்தக் காத்துப் பையை அப்படியே எடுத்துக்கலாம், நம்ம கேம்ல எச்சரிக்கை விளக்கா அதுதான் வேலை செய்யப் போகுது.

படி 2: தண்ணி

திரை அளவை 320க்கு 180 வைங்க. 4 மடங்கு ஆக்கினா 1280க்கு 720, 6 மடங்கு ஆக்கினா 1920க்கு 1080, பிக்சல் எங்கயும் உடையாது. டைல் (லெவலை கட்டுற சதுரக் கட்டம்) 16 பிக்சல். ஆடுற ஆளுக்கு கேரக்டர்பாடி2டி (நகர்ற ஆளுக்கு கோடோ தர்ற உடம்பு), நீந்தும்போது படுத்த நிலையில 14 பிக்சல் உயரம்னு வச்சுக்கோங்க.

தண்ணிக்கு ஒரு ஏரியா2டி (யார் உள்ள வர்றாங்க, வெளிய போறாங்கன்னு கவனிக்கிற பகுதி), ஆள் உள்ள வந்தா தண்ணியில இருக்கான்னு ஒரு மாறி ஆன் ஆகணும், வெளிய போனா ஆஃப். இனி வர்ற வேகம் எல்லாம் செகண்டுக்கு இத்தனை பிக்சல்னு எடுத்துக்கோங்க. தரையில கோடோவோட வழக்கமான ஈர்ப்பு 980, தண்ணிக்குள்ள 160 போதும், கீழ விழுற வேகம் 70-ஐ தாண்ட விடாதீங்க. மேல எழும்ப ஒரு அடி அடிச்சா செங்குத்து வேகம் மைனஸ் 110 (கோடோல மேல்பக்கம்தான் மைனஸ்). இப்ப கணக்கு போடுங்க, வேகத்தோட வர்க்கத்தை ஈர்ப்போட ரெண்டு மடங்கால வகுத்தா ஏறுற உயரம் வரும், 12100-ஐ 320-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 38 பிக்சல், ரெண்டு டைலுக்கு கொஞ்சம் மேல. பட்டனை சீக்கிரம் விட்டா மேல்நோக்கிய வேகம் பாதியாகுற மாதிரி எழுதுங்க, அப்ப லேசா தட்டினா 10 பிக்சல் கிட்டதான் ஏறுவான். இந்த 38-உம் 10-உம் பின்னாடி தேவைப்படும், எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க.

பக்கவாட்டுல சாதாரண நீச்சல் 50, ஓட்ட பட்டனை அழுத்திப் பிடிச்சா 80. நிக்கிறதுக்கு செகண்டுக்கு 160 வீதம் வேகம் குறையணும், இதுக்கு மூவ்_டுவர்ட் ஃபங்ஷன் இருக்கு. 50-ல வந்தவன் 8 பிக்சல்ல நிப்பான், 80-ல வந்தவன் நிக்கிறதுக்கு அரை செகண்டும் 20 பிக்சலும் ஆகும், ஒரு டைலைத் தாண்டி வழுக்கிட்டு போவான். இந்த வழுக்கல்தான் பாசியோட நிஜ ஆயுதம்.

இப்ப எதிரியே இல்லாம ஒரு காலி அறையில நீந்திப் பாருங்க, நல்லா நேரம் எடுத்துப் பாருங்க. சும்மா நீந்துறதே சுகமா இருக்கணும். எரிச்சலா இருந்தா மேல போகாதீங்க, நம்பரை மாத்துங்க. நிறைய கேம்ல தண்ணி லெவல்னாலே ஆடுறவங்க முகம் சுளிக்கிறதுக்கு காரணம் எதிரி இல்லை, இந்த இடத்துல யாரும் உக்காந்து வேலை பாக்காததுதான்.

படி 3: உடம்பு

ஒரே படத்தை வரைஞ்சு ஷேடர் (படத்தை வரையும்போதே மாத்துற குட்டி கோட்) போட்டு வளைச்சிரலாம்னு தோணும். சாதாரண ஸ்ப்ரைட்டுக்கு (திரையில வைக்கிற ஒரு படம்) நாலு மூலைதான் புள்ளி, அந்த நாலை ஆட்டினா படம் சாயும், வளையாது. அதனால புள்ளிகளை சங்கிலியா கோக்கணும். 9 புள்ளி, நடுவுல 8 துண்டு, ஒரு துண்டு 10 பிக்சல், மொத்தம் 80 பிக்சல் உயரம். வேர் 0-வது புள்ளி, நுனி 8-வது.

ஒவ்வொரு புள்ளியும் பக்கவாட்டுல எவ்வளவு தள்ளணும்னா: சைன் (நேரம் பெருக்கல் 2, கழித்தல் புள்ளி எண் பெருக்கல் 0.5), அதை 14-ஆல பெருக்கி, அதையும் (புள்ளி எண் வகுத்தல் 8) வர்க்கத்தால பெருக்கணும். கடைசி வர்க்கம்தான் வேரை அசையாம வச்சு நுனியை நல்லா ஆட விடுது. நடுவுல இருக்க கழித்தல் குறியை கூட்டலா போட்டுறாதீங்க, போட்டா அலை மேலருந்து கீழ இறங்கும், என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது ஆனா பாக்க செத்த மாதிரி இருக்கும். நேரத்தை 2-ஆல பெருக்குறதால ஒரு முழு ஆட்டத்துக்கு 3.14 செகண்ட் ஆகும், சோம்பலா அழகா இருக்கும்.

பல செடி வைக்கும்போது எல்லாம் ஒரே நேரத்துல ஒரே பக்கம் சாஞ்சா பொம்மை மாதிரி ஆயிடும். நேரத்துலருந்து அந்த செடி நிக்கிற எக்ஸ் இடத்தை 0.02-ஆல பெருக்கி கழிச்சு விடுங்க. அப்ப மன்னவனூர் புல்வெளி மேல காத்து ஓடுறப்ப தெரியுமே, அந்த மாதிரி ஒரு அலை இங்கிட்டிருந்து அங்கிட்டு வரைக்கும் படுகை மேல ஓடும்.

படமா காட்டுறதுக்கு லைன்2டி (புள்ளிகளை சேத்து கோடு வரையுறது) போட்டு இந்த 9 புள்ளியை குடுத்தா போதும், அகலத்துக்கு கர்வ் வசதி இருக்கு, அடியில தடிமனா நுனியில மெல்லிசா வச்சுக்கலாம். சுத்தமான பிக்சல் ஆர்ட் கேம்னா மட்டும் லைன்2டி கோணலா வழவழன்னு தெரியும், அப்ப ஒவ்வொரு புள்ளியிலயும் குட்டி இலை ஸ்ப்ரைட் வச்சு இடத்தை முழு எண்ணா ரவுண்ட் பண்ணிருங்க, ஸ்ப்ரைட்டை சுழற்றாதீங்க.

படி 4: எது பட்டா மாட்டும்

படத்துல இலை 12 பிக்சல் அகலம்னா மாட்டுற வட்டம் 4 பிக்சல் ஆரம், அதுக்கு மேல வேண்டாம். இலை உரசினதுக்கே மாட்டினா ஆடுறவன் கேமை திட்டுவான், அவன் திட்டுறது நியாயம். அடியில இருக்க மூணு புள்ளிக்கு வட்டமே வேண்டாம், அங்க காசோ சங்கோ ஒளிச்சு வச்சா துணிஞ்சவனுக்கு பரிசு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏரியா2டி மாட்டலாம், ஆனா செடி நிறைய இருக்கும்போது கோட்லயே ஆளுக்கும் 4, 6, 8-வது புள்ளிகளுக்கும் உள்ள தூரத்தை மட்டும் பாக்குறது ரொம்ப லேசு. திரைக்கு வெளிய இருக்க செடியை விசிபிள்ஆன்ஸ்க்ரீன்எனேப்ளர்2டி தூங்க வச்சுரும், பழைய லேப்டாப்ல இது கட்டாயம் போடுங்க.

படி 5: மூளை

நாலு நிலை: சும்மா, உஷார், பாய்ச்சல், சோர்வு.

சும்மா நிலையில மேல சொன்ன ஆட்டம் மட்டும். ஆள் 64 பிக்சலுக்குள்ள வந்து, அவன் பக்கவாட்டு வேகம் 60-ஐ தாண்டியிருந்தா உஷார். சாதாரண நீச்சல் 50-தான்ங்கிறதால மெதுவா போறவனுக்கு செடி உஷாரே ஆகாது, ஓட்ட பட்டனை அழுத்தினவனுக்குத்தான் ஆகும். இந்த ஒரு கண்டிஷன்ல மொத்த லெவலோட குணமே மாறிடும், அவசரப்படுறவனுக்கு அது காடு, பொறுமையா போறவனுக்கு தோட்டம்.

உஷார் 0.4 செகண்ட், கோடோவோட பிசிக்ஸ் செகண்டுக்கு 60 தடவை ஓடுறதால 24 ஃப்ரேம். இந்த நேரத்துல செடி ஆடுறதை நிறுத்திரணும், காத்துப் பை வெளிச்சமாகணும். சுத்தியும் எல்லாம் அசைஞ்சுட்டு இருக்கும்போது ஒண்ணு மட்டும் அசையாம நின்னா கண்ணு தானா அங்க போகும், அதை விட பெரிய எச்சரிக்கை எந்த கலர்லயும் குடுக்க முடியாது.

இப்ப எங்க பாயணும்? ஆள் இப்ப நிக்கிற இடத்துக்குப் பாஞ்சா வேகமா போறவன் எப்பவும் தப்பிச்சுருவான். பாயும்போது அவன் இருக்க இடத்தை தொடர்ந்து துரத்தினா யாராலயும் தப்பிக்க முடியாது. உஷார் தொடங்குற அந்த நொடியில அவன் இருக்க இடம், கூட்டல் அவன் வேகம் பெருக்கல் 0.6. உஷாருக்கு 0.4, பாய 0.2. 80-ல போறவனுக்கு 48 பிக்சல் முன்னாடி குறி விழும், அதை அப்பவே பூட்டிருங்க, அப்புறம் மாத்தாதீங்க. அதே வேகம் அதே திசைன்னு போனவன் நேரா வாய்க்குள்ள போவான். பட்டனை விட்டவன் 20 பிக்சல்ல நின்னுருவான், பாசி அவனுக்கு 28 பிக்சல் முன்னாடி வெறும் தண்ணியை பிடிக்கும். அரை செகண்ட்ல நிக்க முடியும், பாய்ச்சல் வர 0.6 ஆகும், நடுவுல இருக்க அந்த 0.1 செகண்ட்தான் ஆடுறவனுக்கு நீங்க குடுக்குற மரியாதை. படி 2-ல நிக்கிற நேரத்தையும் தூரத்தையும் கணக்கு போட்டது இதுக்குத்தான்.

செடியை குறி பக்கம் வளைக்கிறதுக்கு, ஒவ்வொரு புள்ளியையும் அதோட பழைய இடத்துக்கும் குறிக்கும் நடுவுல லெர்ப் பண்ணுங்க (ரெண்டு இடத்துக்கும் இடையில ஒரு இடத்தை எடுக்குறது), எடை புள்ளி எண் வகுத்தல் 8, அதனால வேர் நகராது. அப்புறம் கீழருந்து மேல ஒரு லூப், ஒவ்வொரு புள்ளியும் முந்தின புள்ளிலருந்து சரியா 10 பிக்சல் தள்ளி இருக்க மாதிரி திசையை மட்டும் வச்சுட்டு தூரத்தை சரி பண்ணணும். இதை விட்டீங்கன்னா செடி ரப்பர் மாதிரி இழுபடும், 80 பிக்சல் செடி 120 பிக்சலுக்கு நீளும், அது ஏமாத்து வேலை. குறி எட்டாத தூரத்துல இருந்தா எட்டாமயே போகட்டும், செடி முழுசா நீண்டு தோத்துப் போறதைப் பாக்குற சந்தோஷம் ஆடுறவனுக்கு வேணும்.

பிடிச்சா உடனே உயிரைக் குறைக்காதீங்க. வேகம் 30 சதவீதம் ஆகட்டும், 1 செகண்டுக்குள்ள குதி பட்டனை 4 தடவை தட்டினா விடுதலை, இல்லைன்னா ஒரு இதயம் போகும். தட்ட முடியாதவங்க இருப்பாங்க, கை வலி இருக்கவங்க, ரொம்ப சின்னப் பசங்க, அவங்களுக்காக அழுத்திப் பிடிச்சாலே போதும்னு செட்டிங்ஸ்ல ஒரு ஆப்ஷன் கண்டிப்பா வைங்க. விட்டதும் 2 செகண்ட் சோர்வு, செடி தொய்ஞ்சு கெடக்கும், தொட்டாலும் ஒண்ணும் ஆகாது, அந்த நேரத்துல தாண்டிரலாம்.

வெட்டினா சாகணுமா? நான் சாகக்கூடாதுன்னுதான் சொல்வேன். வெட்டினா மேல மூணு துண்டு போகட்டும், 6 செகண்ட்ல திரும்ப வளரட்டும். செத்துப் போற பாசி வெறும் கதவு மாதிரி ஆயிடும், ஒரு தடவை திறந்தா முடிஞ்சது. வளர்ற பாசின்னா திரும்பி வரும்போதும் யோசிக்கணும்.

படி 6: லெவல்ல எங்க நடுறது

முதல் செடியை ஆளுக்கு வைக்காதீங்க, மீனுக்கு வைங்க. அகலமான இடம், ஒரு மீன் மெதுவா தாண்டிப் போகட்டும், பின்னாடியே இன்னொரு மீன் வேகமா வந்து மாட்டட்டும். ஒரு எழுத்து கூட இல்லாம முழு விதியும் புரிஞ்சிடும். அடுத்தது வேர்கிட்ட காசு வச்ச ஒரு செடி, தொட்டுப் பாக்க. அதுக்கப்புறம்தான் இடுக்கு.

இடுக்குக்கு கணக்கு இப்படி. திரை உயரம் 180, மேல ஒரு டைல் கீழ ஒரு டைல் போக தண்ணி 148. கீழ 80 பிக்சல் பாசி. மேல இன்னொரு பாசியைத் தொங்க விடணும்னு தோணும், ஆனா காத்துப் பை இருக்கது கீழ் நோக்கி தொங்காது, பாக்கறவங்களுக்கு காரணம் தெரியாட்டியும் உறுத்தும், அதனால கூரையிலருந்து 40 பிக்சல் பாறை மூக்கு நீட்டுங்க. மிச்சம் 28 பிக்சல் வழி, ஆள் 14, இடைவெளி 14. ஒரு முழு அடி அடிச்சா 38 ஏறி பாறையில முட்டுவான், லேசா தட்டினா 10, சரியா போயிடுவான். அதாவது இந்த இடுக்கு தட்டுறதுக்கும் அடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்தை சொல்லிக் குடுக்குது. இதுக்கு மேல நீரோட்டம் வேணும்னா செகண்டுக்கு 25 தள்ளுற ஒரு ஏரியா போடுங்க. இங்க ஒரு விஷயம் கவனம், நீரோட்டம் தள்ளுற வேகத்தை உஷார் கணக்குல சேக்காதீங்க, ஆள் தானா நீந்துற வேகத்தை மட்டும் எடுங்க, இல்லைன்னா 50-உம் 25-உம் சேர்ந்து 75 ஆகி ஒழுங்கா மெதுவா வர்றவனையும் பாசி பிடிக்கும்.

அந்த ஆமை கேம்ல மாதிரி டைமரும் வைக்கணும்னா கடைசி லெவலுக்கு வச்சுக்கோங்க. மெதுவா போன்னு பாசி சொல்லும், சீக்கிரம் வான்னு டைமர் சொல்லும், ரெண்டுக்கும் நடுவுல மாட்டுறது பெரிய த்ரில், ஆனா விதி கையில படிஞ்சவனுக்குத்தான் அது த்ரில்.

படி 7: கண்ணும் காதும்

அலங்காரத்துக்கு வைக்கிற சாதாரண பாசிக்கும் இதுக்கும் வித்தியாசம் வடிவத்துலயே தெரியணும். சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்க நிறைய பேர் இருக்காங்க, கலரை மட்டும் நம்பாதீங்க. காத்துப் பை இருந்தா ஆபத்து, இல்லைன்னா அலங்காரம், இந்த விதியை கேம் முழுக்க ஒரு இடத்துல கூட மீறாதீங்க. சத்தத்துக்கு தண்ணிக்குள்ள போனதும் ஆடியோ பஸ்ல லோபாஸ் ஃபில்டரை (கீச்சு சத்தத்தை வடிகட்டுறது) 800 ஹெர்ட்ஸ் கிட்ட வைங்க, பாட்டு அமுங்கி கேக்கும். உஷார் ஆகும்போது அந்த அமுக்கத்துக்கு நடுவுல தெளிவா ஒரு சின்ன சத்தம் வரணும், ஈரத் துணியை வாளித் தண்ணிக்குள்ள பிழிஞ்சு போன்ல பதிவு பண்ணாலே நல்லா இருக்கும்.

படி 8: ஆட விட்டுப் பாருங்க

ஏபிகே (ஆண்ட்ராய்டு போன்ல போடுற ஃபைல்) எடுத்து பக்கத்து வீட்டுப் பசங்க போன்ல போட்டுக் குடுங்க, குடுத்துட்டு வாயைத் திறக்காதீங்க. "தம்பி அங்க மெதுவா போ"ன்னு ஒரு வார்த்தை சொன்னா டெஸ்ட் போச்சு. "எங்கருந்து வந்துச்சுன்னே தெரியலண்ணே"ன்னு சொன்னா உஷார் நேரத்தை 0.6 ஆக்குங்க, குறி கணக்குல 0.6 இருந்ததை 0.8 ஆக்கவும் மறக்காதீங்க, ரெண்டும் ஒண்ணா மாறணும். எல்லாரும் லெவல் முழுக்க மெதுவாவே நீந்திட்டு கொட்டாவி விட்டா பாசியோட தப்பில்லை, வேகமா போறதுக்கு ஒரு காரணம் இல்லை, அங்கங்க பாசி இல்லாத நீளமான திறந்த வழியும் துரத்துற மீனும் வைங்க. ஒரே செடிகிட்ட எல்லாரும் திரும்பத் திரும்ப மாட்டினா அந்த செடியை 8 பிக்சல் தள்ளி நட்டுப் பாருங்க, பல நேரம் நம்பர்ல கை வைக்கவே தேவைப்படாது.

விலை கம்மியான போன்ல செடி கூட்டமா இருக்க இடத்துல படம் திணறினா முதல்ல அலங்காரப் பாசியோட புள்ளியை 9-லருந்து 5 ஆக்குங்க, எதிரிப் பாசியோட 9-ஐ தொடாதீங்க. பாய்ச்சல், ஆட்டம் எல்லாத்தையும் _பிசிக்ஸ்_ப்ராசஸ் (செகண்டுக்கு 60 தடவை ஓடுற ஃபங்ஷன்) உள்ளயே எழுதி, நேரத்தை டெல்டாவை (ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல ஆன நேரம்) கூட்டிக் கூட்டி எண்ணுங்க, அப்பதான் படம் திணறுற போன்லயும் உஷார் 0.4 செகண்ட் 0.4 செகண்டாவே இருக்கும்.